நாலு மணிக் கிழக்கு

இலுப்பூர்ப் பக்கத்து ஆவாரங்குடிப்பட்டியில் பிள்ளைகளுக்கு வலது கை எது, இடது கை எது என்று மனத்தில் ஏற்ற ஷர்லி டீச்சருக்கு ஒரு பருவம் முழுசாகத் தேவைப்படும். கிழக்கு, மேற்கு சொல்லிக்கொடுக்க அரை நாள்கூட அவர் செலவழித்ததில்லை. அந்த ஊரில் பந்தியில் உட்கார்ந்தவரை நகரச் சொல்வதென்றால், செத்த வடக்கால தள்ளி உட்காருங்க என்பார்கள். மாட்டைத் தெற்கே பார்த்துக் கட்டு, பானையைக் கிழக்கே சாய்த்து வை என்று பேச்சு முழுக்கத் திசையாகவே இருக்கும். பால் பல் விழாத பிள்ளைகூட மூக்கு ஒழுக வந்து, சேரன் என்னை மேக்கால தள்ளி விட்டுட்டான் டீச்சர் என்று புகார் சொல்லும். டீச்சரும் சேரனைக் கூப்பிட்டு ஏன் தள்ளினாய் என்று கேட்பாரே தவிர, மேற்கு என்றால் என்ன என்று யாரையும் கேட்டதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குத் திசை தெரியவில்லை என்று சென்னையில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? திசைக் கல்வி இயக்ககம் என்று ஒன்று பிறந்தது. அதற்கு ஒரு கட்டடம் வந்தது. கட்டடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க வாஸ்துக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் சொன்ன பக்கம் வாசல் வைத்து, உள்ளே போய் உட்கார்ந்து, சூரியனின் தினசரிப் பாதையைக் கொண்டு இளஞ்சிறார் திசையறியும் திட்டம் என்று ஒன்றைத் தீட்டினார்கள். சுருக்கமாகக் 'கதிர் வழி'.

திட்டத்தோடு ஒரு வாலும் வந்தது. ஆய்வில் ஏ கிரேடு வாங்காத சிறிய பள்ளிகள் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும். ஆவாரங்குடிப்பட்டிப் பள்ளியில் எல்லா வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்தாலும் ஒரு பாய் போதும். வாத்தியாரும் ஷர்லி ஒருவர்தான். ஆவூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, கதவைத் திறந்து, மணி அடித்து, ஐந்து வகுப்புக்கும் அவரே பாடம் நடத்தி, அவரே பூட்டிக்கொண்டு போவார். பக்கத்துப் பள்ளி என்பது மேற்கே, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தச் சாலையில் சிக்னல் கிடையாது, சுரங்கப் பாதை கிடையாது. வருகிற லாரிக்கு பிரேக் இருக்கிறதா என்பதும் யாருக்கும் தெரியாது.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இதைச் சொன்னபோது முனியாயி மட்டும் எழுந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே தொடங்கும் தைலமரக் காட்டில் பட்டை உரிக்கும் வேலை அவளுக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு, இந்த ஜூன் மாதம்தான் ஒன்றாம் வகுப்பு மகள் அழகியோடு ஊர் திரும்பியிருந்தாள்.

"ரோட்டத் தாண்டித்தான் படிக்கணும்னா எம்புள்ள படிக்கவே வேணாம் டீச்சர். அது உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். பள்ளி போனால் படிப்பும் போகும் என்று ஷர்லிக்குப் புரிந்துவிட்டது. எப்பாடுபட்டாவது அந்த ஏ கிரேடை வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். பாவம், பாடத்தைச் சரியாக நடத்தினால் கிரேடு வந்துவிடும் என்று அவர் நினைத்தார்.

பயிற்சி வகுப்பு புதுக்கோட்டையில் நடந்தது. ஜன்னலே இல்லாத ஏசி அரங்கில், விளக்கையும் அணைத்துவிட்டு, திரையில் சூரியனைக் காட்டினார்கள். மண்டல ஒருங்கிணைப்பாளர் கண்ணப்பன் கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் பேனாவோடு அது எங்கே உதிக்கிறது, எங்கே மறைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் வந்ததும் தொடரலாம் என்று கண்ணப்பன் அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆப்சென்ட் போடுவார்கள்.

கையேட்டின் முதல் பாடம் இப்படி இருந்தது: சூரியனைப் பார்த்து நில். நீ பார்ப்பது கிழக்கு. உன் வலது கை தெற்கு. இடது கை வடக்கு. முதுகு மேற்கு.

ஷர்லி கையைத் தூக்கி, காலையில் என்று ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டார். விட்டுப்போகவில்லை, எடுத்துவிட்டோம் என்றார் கண்ணப்பன். முதல் வரைவில் அது இருந்ததாம். ஆனால் காலை, மாலை என்கிற காலக் கருத்துகள் ஒன்றாம் வகுப்புக்கு மூன்றாம் பருவத்தில்தான் வருகின்றன. திசைப் பாடமோ இரண்டாம் பருவம். படிக்காத சொல்லைப் பாடத்தில் வைக்கக்கூடாது என்று வல்லுநர் குழு இரண்டு நாள் கொடைக்கானலில் தங்கி விவாதித்து முடிவெடுத்திருக்கிறது. "கொழந்தைங்களுக்குச் சுமை ஏத்தக் கூடாதுங்க டீச்சர்," என்று அவர் கனிவோடு சொன்னார்.

அடுத்த வாரம் பெயிண்டர் வந்தார். எல்லாப் பள்ளி முற்றத்திலும் திசை வட்டம் ஒன்றை மழைக்கும் வெயிலுக்கும் அழியாத பெயிண்டில் வரைய வேண்டும் என்பது ஒப்பந்தம். காலையிலிருந்து வரிசையாகப் பள்ளிகளை முடித்துக்கொண்டு அவர் ஆவாரங்குடிப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. ஷர்லி அன்று மருத்துவ முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தார். பெயிண்டர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. கையேட்டைப் பிரித்தார். சூரியனைப் பார்த்து நின்றார். தான் பார்த்த பக்கத்தில் பெரிய மஞ்சள் அம்பு போட்டுக் கிழக்கு என்று எழுதினார். வலது கைப் பக்கம் தெற்கு, இடது கைப் பக்கம் வடக்கு, முதுகுப் பக்கம் மேற்கு. செல்போனில் படம் எடுத்து இயக்ககத்தின் செயலியில் ஏற்றினார். செயலி பச்சை டிக் கொடுத்தது. நேர்மையான மனுஷன், கையேட்டை மீறி ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் வட்டத்தைச் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூரியன் அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, காலடியில் மேற்கு என்று எழுதியிருந்தது.

ஷர்லி கண்ணப்பனைப் பார்க்கப் போனார். கண்ணப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தம் கஷ்டங்களைச் சொன்னார். வட்டம் வரைந்து பில் பாஸ் ஆகிவிட்டது. பில் பாஸ் ஆன கிழக்கை மாற்றினால் தணிக்கையில் கேள்வி வரும். சுரண்டி எடுத்தால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பெயிண்டர் காலையில் போனதால் அங்கே கிழக்கு கிழக்கிலேயே இருக்கிறதே என்று ஷர்லி இழுத்தார். உள்ளூர்த் தன்மைக்கு இயக்ககம் எப்போதும் இடம் கொடுக்கும் என்று பதில் வந்தது. உச்சி வெயிலில் பெயிண்டர் போய்ச் சேர்ந்த பள்ளி ஒன்றில், அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிழக்கைக் கூரை விட்டத்தில் எழுதிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பள்ளியும் பச்சை டிக் வாங்கியிருந்தது.

"நீங்க தப்பான நேரத்துல பாக்குறீங்க டீச்சர்," என்றார் கண்ணப்பன். "நாலு மணிக்குப் பாருங்க. சூரியன், வட்டம், கையேடு, மூணும் கரெக்டா டேலி ஆகுது. காலையில மட்டுந்தான் சூரியன் திட்டத்துக்கு ஒத்து வரல. அதனால ஒங்க ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன நாலு மணிக்குப் போட்டுட்டேன். பிள்ளைங்கள வட்டத்துக்குப் பழக்கிருங்க."

கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஆய்வு முடியும் வரை காலைப் பிரார்த்தனையை முற்றத்தில் வைக்க வேண்டாம். அறைக்குள் வைத்து, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடலாம். உதிக்கிற சூரியனைப் பார்த்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

ஷர்லி திரும்பி வரும் வழியெல்லாம் கொதித்துப் போனார். ஆனால் நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது ஸ்கூட்டியை நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள் போய் முடியவில்லை. அவர் பெரியவர், ஹெல்மெட் போட்டவர், அவருக்கே ஓர் இடைவெளி கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. தோளில் பையைத் தொங்கப் போட்ட பிள்ளைகளை அங்கே நிறுத்திப் பார்த்தார். கொதிப்பு இறங்கிவிட்டது. பயம்தான் மிஞ்சியது.

மறுநாள் அவர் ஜன்னலைச் சாத்தினார்.

பழக்குவது லேசாக இல்லை. பெரிய பிள்ளைகள் முதலில் டீச்சர் விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். சேரன் ஐந்தாம் வகுப்பு. அவன் மட்டும் எழுந்து, கெழக்கு அங்கிட்டுல்ல இருக்கு என்று காட்டைக் காட்டினான். ஆபீசர் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று ஷர்லி சொன்னார். சேரனுக்கு உடனே விளங்கிவிட்டது. பெரியவர்கள் பொய் சொல்லச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் அப்படியே. நிஜக் கிழக்கை உள்ளே வைத்துக்கொண்டு வட்டக் கிழக்கை வாயால் சொன்னார்கள்.

அழகிக்கு மட்டும் உள்ளே ஒன்றும் இல்லை. திருப்பூர்ச் சந்தில், எதிர் வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒற்றை அறையில் வளர்ந்தவள் அவள். அங்கே யாரும் கிழக்கால நகரு என்று சொன்னதில்லை. அதனால் டீச்சர் சொன்னதை அப்படியே நம்பினாள். நாலு மணிக்கு வட்டத்தில் நின்று, சூரியனைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, கிழக்கு, தெற்கு, வடக்கு, முதுகு மேற்கு என்று மணி மணியாகச் சொன்னாள். வகுப்பிலேயே அவள்தான் தடுமாறாமல் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆவூர் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல முட்டி போட்ட ஷர்லி, கிழக்கை மேற்கென்று சொன்னது பத்துக் கட்டளையில் எதில் வரும் என்று தெரியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஆய்வு முடிந்த மறுநாளே மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று தம்மைத் தாமே சமாதானம் செய்துகொண்டார். முனியாயியோ இருட்டின பிறகு வீடு திரும்புகிறவள். மகளிடம் சோறு தின்றாயா என்று கேட்பாள், கிழக்கு எது என்று கேட்க அவளுக்கு என்ன அவசியம்?

ஆய்வு நாள் வந்தது. இணை இயக்குநர் லக்ஷ்மணனே சென்னையிலிருந்து வருவதாகத் தகவல். அவர் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்தான், ஆனால் ஊரை விட்டுப் போய் வெகுகாலம். கண்ணப்பன் மத்தியானமே வந்து, வானத்தைப் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம். மேகம் வந்து மூடினால் எல்லாம் பாழ். நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றபோது சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது.

லக்ஷ்மணன் இறங்கினார். சூரியன் எங்கே என்று கேட்டார். கண்ணப்பன், வந்துகொண்டிருக்கிறது சார் என்றார். எல்லாரும் நின்றார்கள். பிள்ளைகள் வட்டத்தைச் சுற்றி மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். ஷர்லி முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டினார். மேகம் நகராமல் சாவகாசமாகக் கிடந்தது. சூரியன் தாமதமாக வந்தது என்று குறிப்பு எழுதினால் கிரேடு குறையுமா என்று ஷர்லி மெதுவாகக் கேட்டார். பொறுப்பாசிரியர் என்ற முறையில் உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள் என்று கண்ணப்பன் காதோடு சொன்னார்.

கடைசியில் மேகம் விலகியது. மஞ்சள் அம்பின் மேல் வெயில் விழுந்தது. லக்ஷ்மணன் விரலை நீட்டி, அந்தச் சின்னப் பாப்பா வரட்டும் என்றார்.

அழகி வட்டத்துக்குள் போய் நின்றாள். சூரியனைப் பார்த்தாள். கையை விரித்தாள். நாலு திசையும் பிசகில்லாமல் வந்தன. சேரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லக்ஷ்மணன் கையேட்டைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், செயலியைப் பார்த்தார். மூன்றும் ஒத்துப் போயின. சூரியனை அவர் பார்க்கவில்லை, கண் கூசும்.

பிறகு பேசினார்.

"நான் சூரியனப் பாத்துப் பல வருஷம் ஆகுதுங்க. வீட்டுலேருந்து காரு, காருலேருந்து ஏசி ரூமு. அதனாலதான் இந்தத் திட்டத்தோட அவசியம் எனக்கு மத்தவங்களவிட நல்லாத் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு முன்னாடியே திசை தெரியும்னு சிலர் சொல்லுறாங்க. தெரிஞ்சிருக்கலாம். ஆனா அதுக்கு என்ன ஆதாரம் இருந்துச்சு? ஒரு போட்டோ உண்டா? இன்னிக்கு ஆதாரம் இருக்கு. ஆதாரத்தோட தெரியிறதுதான் கல்வி."

கண்ணப்பன் முதலில் கைதட்டினார். பள்ளிக்கு ஏ கிரேடு, இணைப்புப் பட்டியலிலிருந்து நீக்கம் என்று அங்கேயே அறிவித்தார்கள். ஷர்லிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு மணி அடித்துப் பிள்ளைகளை விட்டார். கெட்டிக்காரி என்று அழகியின் கன்னத்தைத் தட்டி அனுப்பினார். அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். லக்ஷ்மணன் இந்தப் பள்ளியின் வட்டத்தை மாவட்டம் முழுமைக்கும் மாதிரியாக வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பள்ளிக்குப் பின்னாலிருந்து முனியாயி வந்தாள். தலையில் துண்டு, கையில் பட்டை உரிக்கும் கத்தி. அதிகாரிகளைப் பார்த்துக் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அழகி இன்னும் இங்கதான் இருக்காளா?"

பிள்ளைகள் போய் வெகுநேரமாயிற்றே என்றார் ஷர்லி. முனியாயிக்கு முகம் மாறியது. இன்றைக்குக் காட்டின் ஓரத்திலேயே வேலை, அதனால் மணி அடித்ததும் நேரே கிழக்காலே வந்துவிடு, நான் நிற்பேன் என்று காலையில் மகளிடம் சொல்லியிருந்தாளாம். "கெழக்கு தெரியுமாடின்னு கேட்டேன். டீச்சர் சொல்லிக்குடுத்துருக்காங்க, எனக்கு நல்லாத் தெரியும் ஆத்தான்னு சொன்னா. அப்பயிருந்து நிக்கிறேன், புள்ளையக் காணோம்."

ஷர்லி கையிலிருந்த இளநீர் கீழே விழுந்தது.

கண்ணப்பனுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் அதிகாரி, முதலில் கேள்வி கேட்டாக வேண்டும். நீங்கள் எந்தக் கிழக்கைச் சொன்னீர்கள் என்று முனியாயியைக் கேட்டார். முனியாயி அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒலகத்துல இருக்குற கெழக்கத்தாங்க சொன்னேன்."

ஷர்லி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். ஸ்கூட்டி ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் அம்பு காட்டிய பக்கம், இறங்குகிற சூரியனைப் பார்த்து, மண் பாதையில் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. மற்றதை அவரே உதறினார். மேற்கே பாதை நேராக நாலுவழிச் சாலையில் போய் முட்டும். வேறு எங்கும் திரும்பாது. அழகி போல ஒரு பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை, அங்கே போய் நின்றுவிடாது. சூரியன் சாலைக்கு அந்தப் பக்கமல்லவா இருக்கிறது. தான் படித்த படிப்பையும், வாங்கிய கிரேடையும், சாத்திய ஜன்னலையும் சபித்துக்கொண்டே ஓடினார். பின்னால் முனியாயி மகள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வருவது கேட்டது.

சாலை ஓரத்தில் புழுதியில் சின்னக் கால் தடம் இருந்தது. தார் தொடங்கிய இடத்தில் அது மறைந்துவிட்டது. கண் கூசியது, எதுவும் தெரியவில்லை. ஒரு லாரி போனது. ஒரு பஸ் போனது. அவை போன பிறகு, நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்கு மத்தியில் நீலச் சீருடை தெரிந்தது.

அழகி அங்கே நின்றாள். பாதிச் சாலையைக் கடந்துவிட்டாள், மீதியைக் கடக்கப் பயந்து நின்றுவிட்டாள். ஆனால் வழி தவறிவிடக்கூடாது என்று சூரியனைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் விரித்து, டீச்சர் பழக்கிய மாதிரியே வைத்திருந்தாள். லாரிக் காற்றில் அவள் பாவாடை படபடத்தது.

கூப்பிட்டால் திரும்பி ஓடி வந்துவிடுவாள். அதனால் ஷர்லி கூப்பிடவில்லை, முனியாயியையும் வாயைப் பொத்தி நிறுத்தினார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே வெறுங்காலோடு ஓடி நடுத்திட்டில் ஏறிப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார். அழகி அழவில்லை. ஆத்தாவைக் காணோம் என்று மட்டும் கவலைப்பட்டாள்.

"கெழக்கால நேரா வந்தேன் டீச்சர். சரியாத்தான வந்தேன்?"

ஷர்லி அவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வண்டி ஓய்ந்த நேரம் பார்த்து நடுத்திட்டிலிருந்து இறங்கினார்.

அவர்கள் சாலை ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜீப்பும் வந்துவிட்டது. முனியாயி மகளைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லக்ஷ்மணன் விஷயத்தைக் கேட்டு அறிந்தார். அவர் முகம் மலர்ந்தது. கற்ற திசையை ஒரு குழந்தை தன்னந்தனியாக வாழ்க்கையில் பயன்படுத்தியிருக்கிறது, இதைவிடப் பெரிய கற்றல் விளைவு என்ன வேண்டும் என்றார். பிள்ளையை மறுபடி நடுத்திட்டில் நிறுத்தி ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். தாய் நின்ற இடம்தான் தவறு என்று கண்ணப்பன் எடுத்துக்கொடுத்தார். பெற்றோருக்கும் ஒரு பயிற்சி நடத்தினால் இதுபோன்ற குளறுபடி வராது.

ஷர்லி அழகியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று தெரியும். சொன்னால் என்ன போகும் என்பதும் தெரியும்.

"அழகி, சூரியன் இப்ப எறங்குது பாரு. அது மேக்கு. ஒங்க ஆத்தா நின்ன பக்கந்தான் கெழக்கு. காலையில சூரியன் அங்கிட்டுத்தான் வரும். நான் ஒனக்குப் பொய் சொல்லிக்குடுத்துட்டேன் தாயி."

லக்ஷ்மணன் கண்ணப்பனைப் பார்த்தார். கண்ணப்பன் வானத்தைப் பார்த்தார். வட்டத்துக்கு முரணாகப் பொது இடத்தில் கற்பித்ததால் ஏ கிரேடு திரும்பப் பெறப்படுகிறது என்று இணை இயக்குநர் அங்கேயே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பள்ளி போயிற்று. முனியாயி, ஏன் டீச்சர் சொன்னீங்க என்று கேட்கவில்லை. டீச்சர் காலில் ரத்தம் வருவதைப் பார்த்து, தலைத் துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

பொங்கல் கழிந்து இணைப்பு உத்தரவு வந்தது. ஷர்லி அதைக் கையில் வாங்கி, உட்கார்ந்து, படித்தார். இரண்டாம் முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டார். திசைக் கல்வி இயக்ககம் இடங்களை ஊர்ப் பேரால் குறிக்காது, திசையால் மட்டுமே குறிக்கும். அதுவும் அந்தந்தப் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட வட்டத்தை வைத்துத்தான் குறிக்கும். ஆவாரங்குடிப்பட்டிப் பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளிக்கு நேர் கிழக்கே அமைந்துள்ள அரசு தொடக்கப் பள்ளியில் உடனடியாகச் சேர்க்கப்பட வேண்டும், அப்பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பமிட்டதும் இப்பள்ளியைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு சொன்னது.

ஷர்லி பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காலைச் சூரியனைப் பார்த்து நடத்தி, தைலமரக் காட்டுக்குள் அழைத்துப் போனார். உச்சிப் பொழுது வரை தேடினார்கள். மரம் இருந்தது, முயல் புழுக்கை இருந்தது, முனியாயி இருந்தாள். பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. திரும்பி வந்து, உத்தரவில் கண்ட பள்ளி கிழக்கில் தென்படவில்லை, மேல் நடவடிக்கைக்கு வழிகாட்டவும் என்று எழுதி அனுப்பினார்.

கண்ணப்பன் ஓடி வந்தார். அதை மேற்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று குரலைத் தாழ்த்தினார்.

"அதையே எழுத்துல குடுத்துருங்க சார்," என்றார் ஷர்லி. "நாளைக்கே சாவியக் குடுத்துர்றேன்."

கண்ணப்பன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். அதை மேற்கு என்று எழுதினால் வட்டம் தப்பு. வட்டம் தப்பு என்றால் பில் தப்பு. பில் தப்பு என்றால் கையேடு, வல்லுநர் குழு, கொடைக்கானல் எல்லாம் தப்பு. அவருக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. முற்றத்தில் நின்று மஞ்சள் அம்பையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெழக்கால நல்லாத் தேடினீங்களா டீச்சர் என்று கடைசியில் கேட்டார். தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார் ஷர்லி.

இயக்ககம் கூடி ஆலோசித்தது. பள்ளி கிடைக்கும் வரை தேடுதலைத் தொடர வேண்டும், அதுவரை வகுப்புகள் பழைய கட்டடத்திலேயே நடக்கலாம் என்று பதில் வந்தது. தேடுதலுக்குப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. ஷர்லி ஜன்னலைத் திறந்து வைத்தார். மாதத்தில் ஒரு நாள் காலையில் பள்ளி முழுக்கக் கிழக்கே கிளம்பும். வெயில் முகத்தில் அடித்தால் போகிறோம், முதுகில் அடித்தால் திரும்புகிறோம், நிழல் காலடியில் சுருண்டால் சோற்று நேரம் என்று அழகி இப்போது தானே சொல்லிக்கொண்டு முன்னால் நடக்கிறாள்.

போன மாதம் பாதி வழியில் அவளுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. நின்று, டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்த நெசமாவே கண்டுபுடிச்சிட்டா என்ன செய்யிறது?"

"கண்டுபுடிக்க மாட்டோம்," என்றார் ஷர்லி. "நல்லாத் தேடு."

அழகி நிம்மதியாகத் தேட ஆரம்பித்தாள்.